கைகோத்த கோபுரங்கள்

ஒற்றுமையே பலம் என்ற வாக்கியத்தைக் கட்டடம் விற்கிறவர்களின் கையிலிருந்து யாராவது பிடுங்கிக்கொண்டால் தேவலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான்கு எருதுகளும் ஒரு சிங்கமும் என்ற கதையைச் சொல்லும்போது அந்த வாக்கியம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தேர் இழுக்கவும் பால் சங்கம் நடத்தவும் அது உதவும். முப்பது மாடிக் கட்டடங்கள் இரண்டை உச்சியில் ஒரு பாலத்தால் இணைத்துவிட்டு, படத்துக்குக் கீழே இந்த வாக்கியத்தை அச்சடித்து, "இனிப் புயலென்ன, பூகம்பமென்ன?" என்று கேட்கிறார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அது அரைப் பொய். முழுப் பொய்யைவிட அரைப் பொய்க்கு ஆயுசு அதிகம்.

சென்ற மாதம் அப்படி ஒரு வழவழப்பான புத்தகம் எனக்குத் தபாலில் வந்தது. எந்தக் கம்பெனி, எந்த நகரம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதே மாதிரிப் புத்தகம் அநேகர் வீட்டு வாசலில் விழுந்துகொண்டிருக்கிறது. அட்டையில் இரண்டு கோபுரங்கள்; உச்சியில் கண்ணாடிப் பாலம்; பாலத்தின் மேலே நீச்சல் குளம்; குளத்தோரத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு தம்பதி. இரண்டு கட்டடங்களும் கைகோத்து நிற்பதால் காற்றுக்கும் நில அதிர்ச்சிக்கும் அசையாத உறுதி என்று உள்ளே எழுதியிருக்கிறது. சமையல் மேடைக் கல்லுக்கு இரண்டு பக்கம், வாஸ்துவுக்கு ஒரு பக்கம். கட்டடத்தை நிற்க வைக்கக் கணக்குப் போட்ட இன்ஜினீயரின் பெயரைத் தேடினேன். அட்டையிலிருந்து அட்டை வரை இல்லை. புகைப்படம் எடுத்தவரின் பெயர் இருந்தது.

"மஞ்சக்குட்டையில் ஓட்டு வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு முப்பது மாடியைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் விற்ற பணம் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? பெங்களூரிலும் சென்னையிலும் பிள்ளைகள் வாங்கும் பதினாறாவது மாடிக்குத்தான் போகிறது. இருபது வருஷக் கடன். மாதா மாதம் தவணை. அந்தப் பணத்துக்கு என்ன வாங்கினோம் என்று கேட்க, ஓட்டு வீட்டுக்காரனுக்கும் உரிமை உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அசையாத கட்டடம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. உயரமான கட்டடம் அசையத்தான் வேண்டும். எவ்வளவு அசையலாம் என்பதற்குத்தான் கணக்கு. உயரக் கட்டடங்களுக்காக 2017-இல் நம் தேசத்தில் ஐ.எஸ். 16700 என்று ஒரு விதிநூல் வந்தது. காற்றுக்கு உச்சி நகரலாம், ஆனால் உயரத்தில் ஐந்நூறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்கிறது அது. நூறு மீட்டர் கட்டடமானால் இருபது சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். பக்கத்தில் அதே உயரத்தில் இன்னொன்று நின்றால் அதற்கும் ஒரு சாண். இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் சாய்ந்தால் பாலத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்று கிழக்கேயும் மற்றது மேற்கேயும் சாய்ந்தால், நடுவிலுள்ள பாலம் இரண்டு சாண் நீளவோ குறுகவோ வேண்டும். காங்கிரீட் நீளாது. கண்ணாடி குறுகாது.

ஏன் எதிரெதிராகச் சாய வேண்டும்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளச் சங்கிலி ஊஞ்சல் மெதுவாகப் போய் வரும். குட்டைச் சங்கிலி ஊஞ்சல் படபடவென்று ஆடும். கட்டடத்துக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. தோராயமாகப் பத்து மாடிக்கு ஒரு விநாடி, முப்பது மாடிக்கு மூன்று விநாடி என்று சொல்வது வழக்கம். ஒரே வரைபடத்தில் கட்டிய இரட்டையர்களானாலும் தாளம் கொஞ்சம் வேறுபடும். ஒன்றின் அடியில் பாறை சீக்கிரம் கிடைத்திருக்கும், மற்றதில் களிமண். ஒன்றில் வீடுகள் நிறைந்து பீரோவும் கட்டிலும் ஏறியிருக்கும், மற்றது பாதி விலை போகாமல் காலியாகக் கிடக்கும்.

காற்று வெளியிலிருந்து தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். உயரமான கட்டடத்தின் இரு விலாவிலும் மாறி மாறிச் சுழல் கிளம்பி, காற்று வந்த திசைக்குக் குறுக்கே அதை ஆட்டும். பக்கத்தில் இன்னொரு கட்டடம் இருந்தால் நடுச்சந்தில் காற்று நெருக்கிப் பாயும். பின்னால் நிற்பது முன்னால் நிற்பதன் சுழலில் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே காற்று என்பது நம் கற்பனை. பூகம்பம் வேறு ஜாதி. அது காலைப் பிடித்து உலுக்குகிறது. அங்கே கட்டடத்துக்கு அதன் சொந்த எடையே சத்துரு. எடை கூடக் கூட அதிரும் விசையும் கூடும். இப்போது அந்த நீச்சல் குளத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். அதை நூறு மீட்டர் உயரத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஊசலாடும் இடத்தில் கொண்டு வைப்பதில் தவறில்லை. வைத்தால் அதற்குக் கணக்கு வேண்டும். கறுப்புக் கண்ணாடித் தம்பதி கணக்கு ஆகமாட்டார்கள்.

இதையெல்லாம் எனக்கு முதலில் புரியவைத்தது புத்தகம் அல்ல, இங்கே பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர். காட்டெருமை வருகிறதா என்று பார்க்க இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவர் ஒரு பரண் கட்டினார். ஒரு மரம் தடித்தது, ஒன்று ஒல்லி. தடித்த மரத்தில் பலகையை நன்றாக முடுக்கினார். ஒல்லி மரத்தின் பக்கம் ஒரு குறுக்குக் கட்டையை மட்டும் அறைந்து, பலகையை அதன் மேல் சும்மா வைத்தார். முனை ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கமும் ஆணி அடித்துவிடக் கூடாதா, பெரியவரே?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

"ரெண்டு பக்கமும் அடிச்சா காத்துல பிடுங்கிக்குமுங்கய்யா. பெரிசு ஒரு தினுசா ஆடும், சிறிசு ஒரு தினுசா ஆடும். நடுவுல கெடக்கிற பலகை என்ன பாவம் பண்ணுச்சு?"

நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் கோலாலம்பூரில் 452 மீட்டர் உயரத்துக்கு, 88 மாடிகளோடு, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. திறப்பு விழா 1999-இல் நடந்தது. உலகமே படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பாலம் 41, 42-ஆம் மாடிகளில் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 58 மீட்டர், தரையிலிருந்து 170 மீட்டர் உயரம். அது கோபுரங்களைக் கைகோத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. பாலத்தின் நடுவிலிருந்து கவட்டை மாதிரி இரண்டு கால்கள் இறங்கி, பக்கத்துக்கு ஒன்றாக 29-ஆம் மாடியில் ஊன்றுகின்றன. பாலத்தின் இரு முனைகளும் கோபுரங்களுக்குள் வழுக்கிப் போய் வருகின்றன. கோபுரங்கள் எப்படி ஆடினாலும் கவட்டைக்கால் விரிந்து சுருங்கிப் பாலத்தை நடுவிலேயே வைத்துக்கொள்கிறது. வெளிப்பார்வைக்குத்தான் அது இணைப்பு. உண்மையில் அவற்றை ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கிடாமல் விட்டுவைக்கும் உபாயம். சிங்கப்பூரில் 2010-இல் திறந்த மரினா பே சாண்ட்ஸ் இதே வழிதான். மூன்று கோபுரங்களின் தலைமேல் 340 மீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்காவை வைத்திருக்கிறார்கள். நீச்சல் குளமும் உண்டு. ஆனால் கோபுரங்கள் தனித்தனியே அசையப் பூங்காவிலும் குளத்திலும் இடைவெளி மூட்டுகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நம் விளம்பரக்காரர் குளத்தைப் பார்த்தார், மூட்டைப் பார்க்கவில்லை.

மற்றொரு வழியும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நானும் அரைப் பொய்க்காரனாவேன். இரண்டு கோபுரங்களை உண்மையிலேயே ஒன்றாக்கிவிடலாம். ஜப்பானில், பூகம்பத்தோடு குடித்தனம் நடத்தும் தேசத்தில், ஒஸாகா நகரத்தில் உமேதா ஸ்கை கட்டடத்தை 1993-இல் கட்டி முடித்தார்கள், 173 மீட்டர். இரண்டு கோபுரங்களையும் உச்சியில் இணைக்கும் பகுதியைத் தரையிலேயே சேர்த்து அப்படியே மேலே தூக்கிப் பொருத்தினார்கள். பெய்ஜிங்கில் சீனத் தொலைக்காட்சியின் தலைமையகம் இன்னும் துணிச்சலானது. சாய்ந்து நிற்கும் இரண்டு கோபுரங்கள் அந்தரத்தில் கை நீட்டி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. 234 மீட்டர். 2007 டிசம்பரில் அந்தக் கைகளை இணைத்தபோது, வெயில் ஏறினால் ஒரு கோபுரத்தின் இரும்பு ஒருவிதமாகவும் மற்றதன் இரும்பு வேறுவிதமாகவும் விரியும் என்று, இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும் அதிகாலை வேளையைப் பார்த்து முடிச்சுப் போட்டார்கள். முகூர்த்தம் பார்ப்பது என்றால் இதுதான்! இப்படி இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும், ஆட்டமும் குறையலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. ஒன்றின் பாரத்தையும் திமிறலையும் மற்றதற்குக் கடத்தும் அத்தனை விசையும் அந்த மூட்டு வழியாகப் போகும். மூட்டும், அதை ஒட்டிய தூண்களும், அடித்தளம் வரை, முதல் நாளிலிருந்தே அதற்காகக் கணக்கிட்டுக் கட்டியவையாக இருக்க வேண்டும். பிற்பாடு விளம்பரத்துக்காக ஒட்டவைக்கும் விவகாரம் அல்ல.

ஆக, முழுக்க விடு, அல்லது முழுக்கப் பிடி. கொலைகாரன் நடுவில் இருக்கிறான்: பாதி பிடித்தது, பாதி விட்டது, வரைபடத்தில் வழுக்கும் என்று போட்டு வேலைத்தளத்தில் சிமெண்டு பூசியது.

"நம் பக்கம் பூகம்பம் ஏது?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு அநேகர். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி விடியற்காலையில் கோயம்புத்தூரை உலுக்கிய பூகம்பம் ஏறக்குறைய ஆறு ரிக்டர் அளவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் பல இடங்களில் அதை உணர்ந்தார்கள். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் தோன்றிய அதிர்ச்சி சென்னைக்காரர்களை வீதிக்கு விரட்டியது. 2002-இல் ஐ.எஸ். 1893 என்ற பூகம்ப விதிநூலைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். அதே பட்டியலில் நம் சேலமும் மூன்றாம் மண்டலம்தான். லேடீஸ் ஸீட்டில் நின்று ராத்திரியில் சேலத்து விளக்குகளைப் பார்த்து ரசிக்கிறோமே, அந்த விளக்குகள் வர வர மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன.

பூகம்பம் பக்கத்தில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. தூரத்திலிருந்து வரும்போது படபடப்பு வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான அலைகள் மட்டும் மிஞ்சும். அந்த மெதுவான அலைகளுக்கு உயரமான கட்டடங்களின் தாளம் பிடிக்கும். 1985 செப்டம்பர் 19-ஆம் தேதி மெக்ஸிகோ நகரத்துக்கு நேர்ந்தது அதுதான். அதிர்ச்சி பிறந்த இடம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையில். நகரமோ வற்றிய ஏரியின் சேற்றுப் படுகையில். ஆறு மாடியிலிருந்து பதினைந்து மாடி வரை உள்ளவைதான் அதிகம் அடிபட்டன. நெருக்கமாக நின்ற கட்டடங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. இதற்கு இடைவெளி போதாததே காரணம். ஒன்றின் தளம் மற்றதன் தூணின் நடுவில் போய் இடித்தால் தூண் முறியும்; மேலே உள்ளது இறங்கும்.

மெக்ஸிகோ தூரம் என்றால் ஆமதாபாத்தைப் பாருங்கள். 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை. பூஜ் பூகம்பத்தின் மையம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. அப்படியும் ஆமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நிறுத்தியிருந்தார்கள். மேலே வீடுகள் கனக்க, கீழே கால்கள் மடங்கின. இன்று நம் ஊர்களில் எத்தனை அடுக்குமாடிகள் அதே கோலத்தில் நிற்கின்றன என்று நடந்து போகும்போது எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட கால்களின் மேல் நிற்கும் இரண்டை உச்சியில் பாலம் போட்டு இணைத்தால் யார் யாரைத் தாங்குவது? நொண்டியும் நொண்டியும் தோள் கொடுத்துக்கொண்ட கதைதான்.

இடைவெளி என்பது பெரிய வார்த்தை. கட்டுகிறவனுக்கு அது விற்க முடியாத இடம். ஆகவே வீண் இடம். டில்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் சூப்பர்டெக் கம்பெனியின் இரட்டைக் கோபுரங்கள் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. பக்கத்துக் கட்டடத்துக்கும் அவற்றுக்கும் நடுவே பதினாறு மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது மீட்டர்தான் விட்டார்கள். இவையெல்லாம் ஒரே தொகுதி, ஆகவே இடைவெளி விதி பொருந்தாது என்று வாதாடினார்கள். அதாவது, "நாங்கள் ஒரே குடும்பம்" என்றார்கள்! சுப்ரீம் கோர்ட் 2021 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அதை ஒப்புக்கொள்ளாமல் இடிக்கச் சொன்னது. மறு வருஷம் ஆகஸ்ட் 28-ஆம் தேதி 3,700 கிலோ வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். அங்கே பேச்சு வெளிச்சம், காற்று, நெருப்புப் பற்றி. பூகம்ப முட்டலைப் பற்றியது அல்ல. ஆனாலும் புத்தி ஒன்றுதான். இடைவெளியைத் தின்பதற்கு ஒற்றுமையைச் சாட்சிக்கு அழைக்கும் புத்தி.

நம் சென்னை மௌலிவாக்கத்தில் பூகம்பமும் வரவில்லை, புயலும் வரவில்லை. 2014 ஜூன் 28-ஆம் தேதி மாலை மழையில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் உட்கார்ந்துவிட்டது. 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடியை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இரண்டுக்கும் நம்பிக்கை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள். கதையில் நான் இப்படிப் பெயர் வைத்தால் மிகையாக இருக்கிறது என்று பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

நான் பாலங்களுக்கு விரோதி அல்ல. 1959-இல் மௌண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் பதினான்கு மாடியோடு எழுந்தபோது, பட்டணம் போய் வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். உயரத்தின் மேல் மனுஷனுக்கு ஆசை இருப்பது இயற்கை. வாங்குகிற நம்மைத்தான் நான் கடிந்துகொள்கிறேன். ஈசானிய மூலையில் கிணறு இருக்கிறதா, சமையலறை அக்கினி மூலையில் வருகிறதா என்று மூன்று தடவை கேட்கிறோம். பாலம் எந்த முனையில் பிடித்திருக்கிறது, எந்த முனையில் வழுக்குகிறது, எத்தனை சென்டிமீட்டர் வழுக்கும், கணக்குப் போட்டவர் யார், அவர் கணக்கைக் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வேறொருவர் சரிபார்த்தாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் விற்பனைப் பையன் விழிப்பான். விழிக்கட்டும். நூறு பேர் கேட்டால் கம்பெனி அவனுக்குப் பதில் சொல்லிக் கொடுத்து அனுப்பும். இந்தப் பதில்கள் கிரயப் பத்திரத்தோடு எழுத்தில் வர வேண்டும் என்று சர்க்கார் ஓர் உத்தரவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், கட்டுமானக் குறைக்கு வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷம் கட்டியவரைப் பொறுப்பாக்குகிறது. நல்லது. ஆனால் வழுக்கும் மூட்டு துருப்பிடித்து இறுகுவது ஐந்து வருஷத்துக்குள்ளா நடக்கும்? அதற்குப் பிறகு அது யார் பிள்ளை?

யார் பிள்ளையும் இல்லை என்பதற்குச் சேலத்தில் என் அக்காள் மகன் குடியிருக்கும் இடம் சாட்சி. பிரமாத உயரம் ஒன்றும் இல்லை. இரண்டு பகுதிகள், நடுவே ஒவ்வொரு மாடியிலும் நடைபாதை, நடைபாதைக்கு நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. கட்டின இன்ஜினீயர் யோக்கியர். இடைவெளியை விட்டு, அதன் மேல் ஒரு பக்கம் மட்டும் முடுக்கிய தகட்டைப் போட்டு மூடியிருந்தார். இரண்டு மழைக்காலம் போனது. இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிகிறது, கரப்பான் வருகிறது, தகட்டில் நடந்தால் சப்தம் கேட்கிறது என்று புகார். குடியிருப்போர் சங்கம் கூடி, தகட்டை எடுத்துவிட்டு, இடைவெளியில் செங்கல் துண்டும் சிமெண்டும் அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டது. அழகாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு பகுதிகளும் இப்போது ஒன்றாகிவிட்டன என்று செயலாளர் தம் ஆண்டறிக்கையில் பெருமையோடு எழுதினார்.

அடைத்ததை வெட்டி எடுத்துவிட்டு, நீர் கசியாமல் நெளிந்துகொடுக்கும் ரப்பர்ப் பட்டையைப் பொருத்த வேண்டும் என்று அக்காள் மகன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். அது தோற்றுப்போயிற்று, அவனையும் சேர்த்து ஏழு பேர்தான் கை தூக்கினார்கள். "டைல்ஸ் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லையே தம்பி" என்று செயலாளர் வாஞ்சையோடு சொன்னாராம். அடுத்த பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பார்க்கலாம் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். டைல்ஸில் குறுக்கே ஒரு மயிரிழை விரிசல் இப்போதே ஓடுகிறது என்று அவன் எழுதியிருக்கிறான். அதற்கு வெள்ளைச் சிமெண்டு பூச ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.